வெள்ளை அம்புக்குறி

தைப்பிங்கில் ஒரு வரிசை வீட்டின் முன்னால், ரம்புத்தான் மரத்தடியில், அந்த மகிழுந்து நான்கு மாதங்களாக நின்றுகொண்டிருந்தது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஜெர்மானிய வண்டி. ஒரு காலத்தில் கருநீலமாக இருந்தது. இப்போது கூரையின் வண்ணம் வெளுத்து, மழையில் ஊறிய இலைகள் அதன்மேல் ஒட்டிக்கிடந்தன. முன்பகுதிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைக் கறை. வண்டி நின்றுபோனதற்கு அந்தக் கறைதான் காரணம்.

வண்டி அந்த வீட்டுக்காரருடையதன்று, அவருடைய அண்ணனுடையது. அண்ணன் சென்ற ஆண்டு காலமானார். காரியங்கள் முடிந்த மறுவாரம் அண்ணி சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இந்தக் காரில் அவர் கை படாத இடமே இல்லை. வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, தம்பி. நீங்களே ஓட்டுங்கள்.”

வண்டியின் பின்பெட்டியில் கனமான இரும்புப் பெட்டி ஒன்றும் இருந்தது. அது நிறைய அண்ணனின் கருவிகள்.

தம்பிக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். இருபது ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்வார். மாலையில் அண்ணன் வந்து நிற்பார். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருந்துவிட்டால், மற்றவர்கள் பெரும்பாலும் கைவிளக்கைப் பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். தம்பியும் அப்படித்தான் வாழ்நாளெல்லாம் கைவிளக்குப் பிடித்தவர்.

பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, நீரேற்றி தேய்ந்து ஒழுகுகிறது என்றார். கூலியோடு அவர் சொன்ன தொகை தம்பியின் மாதச் சம்பளத்தில் பாதி. அன்றிலிருந்து வண்டி மரத்தடியில் நின்றது. வாரம் ஒருமுறை இலைகளைக் கூட்டித் தள்ளும் மனைவிக்கு ஒரு நாள் பொறுமை போய்விட்டது.

“என்னங்க, திங்கட்கிழமை பழைய இரும்பு வாங்குபவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் ஓடினால் வண்டி இருக்கட்டும். இல்லையென்றால் ஏற்றி அனுப்பிவிடலாம். பார்க்கப் பார்க்க உங்களுக்குத்தான் மனக்கஷ்டம்.”

அவர் மறுத்துப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வரும்போது, உதிரிபாகக் கடையிலிருந்து புதிய நீரேற்றியை வாங்கிக்கொண்டு வந்தார். படிவம் நான்கில் படிக்கும் மகளிடம், “நாளைக்கு உனக்கு வேலை இருக்கிறதா, அம்மா?” என்று மட்டும் கேட்டார். கைவிளக்குப் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

இயந்திரத்தைச் சுற்றிக் குளிர்நீரை ஓட வைப்பது நீரேற்றியின் வேலை. இயந்திரத்தின் சூட்டை வாங்கிக்கொண்ட நீர் ரேடியேட்டருக்குள் பாய்ந்து, அங்கே காற்றுப்பட்டு ஆறி, மறுபடியும் இயந்திரத்துக்குத் திரும்பும். காற்றை இழுத்துக் கொடுப்பது விசிறி. இன்றைய மகிழுந்துகள் பெரும்பாலானவற்றில் விசிறி மின்சாரத்தால் சுற்றுகிறது. இந்தப் பழைய வண்டியில் அப்படியில்லை. நீரேற்றியின் தண்டிலேயே விசிறி மாட்டப்பட்டிருக்கிறது. இயந்திரத்தோடு பெல்ட் சுற்ற, பெல்ட்டோடு கப்பி சுற்ற, கப்பியோடு விசிறியும் சுற்றும். நடுவில் வட்டமான கூடு ஒன்று உண்டு. அதனுள்ளே சிலிக்கோன் எண்ணெய் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூடு ஏறினால் அந்த எண்ணெய் பரவி விசிறியை இறுகப் பிடித்துக்கொள்ளும். சூடு குறைந்தால் பிடி தளரும். அந்தக் கூட்டின் பின்னால் ஒரே ஒரு பெரிய நட்டு, முப்பத்திரண்டு மில்லிமீட்டர் அகலம். அதைக் கழற்றினால் விசிறி கையோடு வந்துவிடும். விசிறி வந்தால்தான் நீரேற்றியைத் தொட முடியும்.

ஒரே ஒரு நட்டு என்பதால் அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இருவரும் தொடங்கினார்கள். முதல் வேலைகள் ஒழுங்காகவே நடந்தன. மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினார்கள். இயந்திரம் குளிர்ந்திருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறப்பதில் ஆபத்தில்லை. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். பச்சை நிறக் குளிர்நீரை மகள் ஒரு பழைய பேசினில் பிடித்தாள். அடுத்த வீட்டுப் பூனை வாலைத் தூக்கிக்கொண்டு பேசின் பக்கம் வந்தது. அவள் அதைத் துரத்திவிட்டுப் பேசினுக்கு மூடி போட்டாள். குளிர்நீரில் கலந்திருக்கும் இரசாயனம் இனிப்பாக இருக்கும். பூனையும் நாயும் அதை நக்கிவிடக்கூடும். கொஞ்சம் நக்கினாலும் உயிருக்கு ஆபத்து.

மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தபோது, விசிறியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூண்டின் மேல்விளிம்பில் மகளின் கண்ணில் ஒன்று பட்டது. வெள்ளையாக, விரல் நீளத்துக்கு ஓர் அம்புக்குறி. வண்டிக்கு எதிரில் நின்று பார்ப்பவருக்கு அது வலக்கைப் பக்கம் காட்டியது.

“இது என்னப்பா?”

“பெரியப்பா போட்டிருப்பார். விசிறி சுற்றுகிற திசையாக இருக்கும்.”

விசிறி உண்மையிலேயே அந்தத் திசையில்தான் சுற்றும். ஆகவே அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

அண்ணனின் பெட்டியில் முப்பத்திரண்டு அளவுள்ள ஸ்பேனர் இருந்தது. அதன் வாயை யாரோ அராவி மெலிதாக்கியிருந்தார்கள். யாரோ என்ன, அண்ணன்தான். விசிறிக்கும் கப்பிக்கும் நடுவே உள்ள சின்ன இடுக்கில் சாதாரண ஸ்பேனர் நுழையாது. மெலிந்த வாய் நட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் இடப்பக்கமாக இழுத்தார். விசிறி, நட்டு, கப்பி எல்லாம் சேர்ந்து சும்மா சுற்றின.

பெல்ட்டை முன்கூட்டியே கழற்றிவிட்டிருந்தார்கள். அது முதல் தவறு. பெல்ட் இறுக்கமாக இருந்தால்தான் அது கப்பியைப் பிடித்து நிறுத்தும். அரை மணி நேரம் செலவழித்துப் பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்கள். இப்போது கப்பி அவ்வளவாகச் சுற்றவில்லை. அவர் இழுத்தார். காலை வண்டியில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். நட்டு அசையவில்லை. துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டுத் தேநீர் குடித்தார்கள். வந்து மறுபடியும் இழுத்தார். அப்போதும் அசையவில்லை.

பதினொரு மணி வாக்கில் பக்கத்து வீட்டுப் பாச்சிக் வேலியருகே வந்து எட்டிப் பார்த்தார். நிலைமையைப் புரிந்துகொண்டு, வீட்டுக்குள் போய் மூன்றடி நீள இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் செருகினால் பிடி நீளும். பிடி நீண்டால் விசை பெருகும். நெம்புகோல் தத்துவம் தெரியாதவர்கூட இதை அனுபவத்தில் அறிந்து வைத்திருப்பார். ஆனால், குழாய்க்கு எந்தத் திசை சரி, எது தவறு என்று தெரியாது. தவறான பக்கத்தில் இழுத்தால் அந்தத் தவறும் பெருகும்.

அவர் மூச்சைப் பிடித்து இழுத்தார். ஸ்பேனர் வழுக்கியது. அவருடைய முட்டி போய் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில் மோதியது. இரண்டு விரல்களில் தோல் கிழிந்து இரத்தம் வந்தது. நல்லவேளையாக ரேடியேட்டர் துளைபடவில்லை.

மகள் மருந்துப் பெட்டியை எடுத்துவர ஓடினாள். அவர் குழாயைத் தரையில் போட்டுவிட்டு, வண்டியின் முன்னால் சற்று நேரம் நின்றார்.

“அண்ணன் இருந்திருந்தால் பத்து நிமிடம்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பாச்சிக்குக்குத் தமிழ் புரியாது.

புக்கிட் லாருட் மலையை மேகம் மூடிக்கொண்டு வந்தது. தீபகற்ப மலேசியாவில் மழை மிகுந்த ஊர்களில் ஒன்று தைப்பிங். அங்கே இருப்பவர்கள் மலையைப் பார்த்தே குடையை எடுப்பார்கள். இருவரும் அவசரமாக வண்டியின் மூடியை இறக்கிவிட்டு, கருவிகளை வாரிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினார்கள். மழை கொட்டியது.

முன்வாசலில் ஒரு முக்காலியில் அவர் உட்கார்ந்தார். மகள் அவருடைய விரல்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டினாள். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இரும்பு வாங்குபவரைப் பற்றி அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

மகளுக்கு ஒரு சந்தேகம் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பள்ளியில் இயற்பியல் எடுத்திருந்தாள். விசை, எதிர்விசை என்று எழுதியெழுதி அவளுக்கு எதைப் பார்த்தாலும் அம்புக்குறி போடத் தோன்றும். கருவிப் பெட்டியிலிருந்த கந்தல் அட்டை ஒன்றை எடுத்து, பேனாவால் வட்டம் வரைந்தாள்.

“அப்பா, விசிறி வலப்பக்கமாகத்தானே சுற்றுகிறது? கடிகார முள் மாதிரி?”

“ஆமாம், முன்னாலிருந்து பார்த்தால்.”

“அப்படியானால் தண்டு விசிறியை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. காற்று விசிறியைத் தடுக்கிறது. பேருந்து திடீரென்று புறப்பட்டால் நாம் பின்னால் சாய்வோமே, அதுபோல விசிறி பின்னால் இழுபடும். பின்னால் என்றால் இடப்பக்கம்.”

“சரி.”

“நட்டு விசிறியோடுதானே சேர்ந்திருக்கிறது? அப்போது வண்டி ஓடுகிற நேரமெல்லாம் நட்டை யாரோ இடப்பக்கமாகத் திருகிக்கொண்டே இருப்பதுபோல் ஆகிறது. இடப்பக்கம் திருகினால் நட்டு கழன்றுவிடாதா? இவ்வளவு வருடம் எப்படிக் கழலாமல் இருந்தது?”

அவர் பதில் சொல்லவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தல் மூடி, தண்ணீர்க் குழாய், மின்விளக்கு எல்லாமே வலப்பக்கம் திருகினால் இறுகும்; இடப்பக்கம் திருகினால் தளரும். இது யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதன்று. கை தானாகப் படித்துக்கொள்ளும் பாடம். அதனாலேயே அதைச் சந்தேகப்படுவது கடினம்.

“சைக்கிள்” என்றார் அவர், சற்று நேரம் கழித்து.

தோட்டத்தில் வளர்ந்த காலம் அது. அவருக்குப் பத்து வயது இருக்கும், அண்ணனுக்குப் பதினைந்து. அப்பாவின் பழைய மிதிவண்டியில் இடக்கால் மிதிகட்டை உடைந்துபோனது. தம்பி ஸ்பேனரை வைத்து, தெரிந்த மட்டும் திருகினான். அது மேலும் இறுகியது. அண்ணன் வந்து தலையில் ஒரு குட்டு வைத்தான். ‘இந்தப் பக்கத்துக்கு மட்டும் மரை எதிராக வெட்டியிருக்கும்டா. நேராக இருந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்று விழும்’ என்று சொல்லி, ஸ்பேனரை மறுபக்கம் தள்ளினான். மிதிகட்டை வந்துவிட்டது. குட்டு வலித்தது நினைவிருக்கிறது, மரை மறந்துபோயிருந்தது.

சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதுபோல் மரையிலும் இரண்டு வகை உண்டு. சங்கில் வலம்புரி அரிது. மரையில் இடம்புரி அரிது. சுற்றும் பொருள் தன் சுழற்சியாலேயே கழன்றுவிடக் கூடாது என்ற இடத்தில் இடப்பக்க மரையை வெட்டுகிறார்கள். அந்த வண்டியின் விசிறி நட்டும் அப்படிப்பட்டது. ஓட ஓட அது தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். விசிறி கழன்று முன்னால் பாய்ந்தால் ரேடியேட்டர் நார்நாராகிவிடும் என்பதால் செய்த ஏற்பாடு. அண்ணன் கடைசியாக மாட்டிய நாளிலிருந்து எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் அது இறுகிக்கொண்டே வந்திருந்தது. போதாததற்கு, அன்று காலை முழுவதும் தம்பி அதை இன்னும் இறுக்கியிருந்தார். அதுவும் குழாய் போட்டு.

மகள் சட்டென்று எழுந்தாள்.

“அப்பா, அந்த அம்புக்குறி!”

அவர் அவளைப் பார்த்தார். இருவரும் மழை விடுவதற்குக் காத்திருக்கவில்லை. மகள் குடையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மூடியைத் தூக்கினார். வெள்ளைக் குறி அங்கேயே இருந்தது, வலக்கைப் பக்கம் காட்டிக்கொண்டு. விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை எழுதி வைக்க வேண்டிய தேவை அண்ணனுக்கு இல்லை. இயந்திரத்தை முடுக்கினால் அது தானாகத் தெரியும். அவர் குறித்து வைத்தது, ஓராண்டோ ஈராண்டோ கழித்து மறுபடியும் கழற்றும்போது தமக்கே மறந்துவிடக்கூடிய ஒன்றை. தமக்காகப் போட்ட குறி என்பதால் விளக்கம் எழுதவில்லை. அந்த மூடியை வேறொருவர் திறக்கும் நாள் வரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த செய்தி சுத்தியல். இவ்வளவு இறுகிய நட்டை மெதுவாகத் தள்ளினால் பெல்ட்டு வழுக்கி, கப்பியும் கூடவே நகரும். சட்டென்று ஒரே அடி அடித்தால், கப்பி நகர நினைப்பதற்குள் நட்டு நகர்ந்துவிடும். குவளையின்மேல் அட்டையை வைத்து, அட்டையின்மேல் நாணயத்தை வைத்து, அட்டையை விரலால் சுண்டினால் நாணயம் குவளைக்குள் விழும் சோதனையைப் பள்ளியில் எல்லோரும் செய்திருப்பார்கள். அதே தத்துவம்தான்.

அவர் ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்கும்படி நட்டில் மாட்டினார். கண்ணில் ஏதும் தெறிக்காமலிருக்க, பேருந்து ஓட்டும்போது போடும் கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டார். மழையில் கறுப்புக் கண்ணாடியோடு, சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடியில் ஸ்பேனர் விழுந்தது; எடுத்து மாட்டினார். மூன்றாவது அடி விழுந்தபோது சத்தம் மாறியது. கணீரென்று கேட்ட ஒலி மந்தமாயிற்று. ஸ்பேனர் ஒரு விரலளவு வலப்பக்கம் சாய்ந்து நின்றது.

“நகர்ந்ததா?”

“நகர்ந்தது!”

மகள் குடையைக் கீழே போட்டுவிட்டாள். மீதியைக் கையாலேயே திருக முடிந்தது. நட்டு மரை மரையாக வெளியே வந்து, கடைசியில் விசிறியின் முழுப் பாரமும் அவர் கையில் இறங்கியது. அதைப் படுக்க வைக்காமல், உள்ளேயிருக்கும் எண்ணெய் ஒழுகாதபடி, நேராக நிற்கும் வாக்கில் சுவரோடு சாய்த்து வைத்தார்கள். தண்டின் நுனியில் மரை மழைநீர் பட்டு மினுக்கியது. கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று மகள் விரலால் தடவிப் பார்த்தாள்.

பழைய நீரேற்றியைக் கழற்றியதும் புதியதை மாட்டியதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தன. அதில் சொல்வதற்கு அதிகமில்லை. பழையதன் தண்டைப் பிடித்து ஆட்டினால் பல் ஆடுவதுபோல் ஆடியது. பட்டறைக்காரர் சொன்னது சரிதான். விசிறியைத் திரும்ப மாட்டும்போது, “இப்போது எந்தப் பக்கம்?” என்று அவர் மகளிடம் கேட்டார். தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். “இடப்பக்கம்” என்றாள். ரொம்ப இறுக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னாள். மீதியை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

பதினொரு மணிக்கு இயந்திரம் முடுக்கப்பட்டது. அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வெப்பமுள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் மெல்ல ஏறி, நடுவில் வந்து நின்றது. இருபது நிமிடம் ஆகியும் அங்கிருந்து அசையவில்லை. மகள் தரையில் குனிந்து, பழைய கறையின்மேல் வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து வைத்திருந்தாள். தாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

இயந்திரம் ஆறிய பிறகு, அவள் தன் பள்ளிப் பையிலிருந்து எழுத்துப் பிழைகளை அழிக்கும் வெள்ளை மையை எடுத்துவந்தாள். பெரியப்பாவின் அம்புக்குறி அங்கங்கே உதிர்ந்திருந்தது. அதன்மேலேயே தடிப்பாக வரைந்தாள். பிறகு, அம்புக்குறிக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘கழற்ற’ என்று எழுதினாள்.

அவர் அருகில் வந்து பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“மை காயட்டும். அப்புறம் மூடு” என்றார்.

வீட்டுக்குள்ளே மனைவி தொலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வர வேண்டாம், வண்டி ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.